கொச்சித் துறையில் ஒரு நாள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் இரு சரிவுகளையும் அறிந்தவர்கள் நாம். கிழக்குச் சரிவின் ஊர்களில் நம் முன்னோர் பிறந்தனர். மேற்குச் சரிவில் நாம் உழைத்து வாழ்கின்றோம். விடுமுறை வாய்க்கும் போதெல்லாம் நம் குடும்பங்கள் கிழக்கு நோக்கியே புறப்படுகின்றன. பழனியும் மதுரையும் திருச்செந்தூரும் நம்மை அழைக்கின்றன, அவ்வழைப்பு இயல்பானதே. ஆயினும், மேற்கே ஒரு பகற்பொழுதில் சென்று மீளத்தக்க தொலைவில் பழம்பெருமை வாய்ந்த கடற்கரை நகரம் ஒன்று உண்டு. மருத்துவமனைக்கும் அலுவலகத்திற்கும் கடை கண்ணிக்கும் அங்கே போகின்றோம். வேலை முடிந்ததும் திரும்பி விடுகின்றோம். அந்நகரை நின்று பார்ப்பவர் நம்முள் மிகச் சிலரே. அதுவே கொச்சி.

கொச்சி நமக்கு அயலூர் என்பது பலர் கருத்து. வரலாறு அவ்வாறு கூறவில்லை. நம் மலைகளில் பெய்த மழையே அந்தத் துறைமுகத்தைத் திறந்தது என்பர். நம் மலைகளில் விளைந்த பொருளே அதனை வளர்த்தது. தமிழ் எழுத்தின் வரலாற்றில் மறக்கலாகாத ஓர் ஏடு அந்நகரிலேதான் அச்சேறியது. இவற்றையெல்லாம் நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். ஆதலின், ஒரு நாட் பயணமாகக் கொச்சிக்குச் செல்லும் குடும்பத்தார் எவ்வெவற்றைக் காணலாம், காணும்போது எவ்வெவற்றை நினைவிற் கொள்ளலாம் என்பதை ஈண்டு எழுதத் துணிந்தேன்.

வழிகள் சொல்லும் வரலாறு

மூணாற்றிலிருந்து கொச்சி ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பாலக்காட்டிலிருந்து ஏறத்தாழ 145 கிலோமீட்டர். விடியலில் புறப்பட்டால் முற்பகலுக்குள் நகரை அடைந்து விடலாம். செல்லும் வழிகளே வரலாற்று ஏடுகளாக விரிந்து கிடக்கின்றன.

பாலக்காட்டு அன்பர்களின் வழியை முதலில் பார்ப்போம். சித்தூர் வட்டம் பழைய கொச்சி அரசின் கிழக்கு எல்லை. அரசின் பிற பகுதிகளிலிருந்து பிரிந்து தனித்துக் கிடந்த நிலம் அது. எனவே அங்கு வாழ்ந்த தமிழர் நெடுங்காலம் கொச்சி மன்னரின் குடிகளாகவே இருந்தனர். அவர்தம் வரிப்பணமும் முறையீடும் கொச்சியை நோக்கியே சென்றன. அதே சித்தூரில், சோகநாசினி ஆற்றங்கரையில், மலையாள மொழியின் தந்தையெனப் போற்றப்பெறும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார் என்பது மரபு. மலையாளக் கவியரசர் தமிழ் வழங்கும் வட்டத்தில் அமைதி கண்டார். தமிழ் நூலொன்று மலையாளக் கடற்கரையில் அச்சேறியது. இரு மொழிகளும் ஒன்றின் வீட்டில் மற்றொன்று விருந்துண்டு வாழ்ந்த காலம் அது.

சொர்ணூரிலிருந்து எறணாகுளத்திற்குச் செல்லும் இருப்புப்பாதை 1902-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அப்போது கொச்சியை ஆண்டவர் இராசரிசி எனப் பெயர் பெற்ற இராமவர்மர். பாதைக்குப் பணம் போதாமையால், திருப்பூணித்துறைக் கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பொருள் திரட்டினார் என்பது நாடறிந்த செய்தி. யானையின் நெற்றியில் ஒளிர்ந்த பொன் இரும்புத் தண்டவாளமாக மாறிற்று. அதே கொச்சி அரசு பரம்பிக்குளத்துக் காடுகளிலிருந்து சாலக்குடி வரை ஏறத்தாழ 50 மைல் நீளத்திற்கு ஒரு காட்டு டிராம்பாதையும் அமைத்தது. 1907 முதல் 1963 வரை அப்பாதையில் தேக்கும் ஈட்டியும் இறங்கின. அங்கிருந்து கொச்சித் துறைக்குச் சென்று கப்பலேறின. இன்று பரம்பிக்குளத்திற்குச் செல்வோர் ஆனைமலைப் பக்கமாகத் தமிழ்நாட்டு வழியே செல்கின்றனர். அன்றோ, அக்காட்டின் வாயில் கொச்சியை நோக்கியே திறந்திருந்தது.

இனி, இடுக்கி மலை அன்பர்களின் வழி. மூணாறு, அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம் என்று இறங்கும் பாதையில் பெரியாற்றின் மீது வளைவுகளோடு நிற்கும் நேரியமங்கலம் பாலம் 1935-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. அந்தப் பாலத்தின் கதை, அதற்கு முன் நேர்ந்த ஒரு பெருவெள்ளத்தின் கதையோடு பிணைந்தது. அதனை அறிய வேண்டுமாயின், பெரியாற்றின் கதையையே அறிதல் வேண்டும்.

வெள்ளம் ஈன்ற துறைமுகம்

பெரியாறு இடுக்கி மாவட்டத்து மலைகளில் பாய்ந்து பெருகும் ஆறு. மூணாற்றின் நடுவே ஓடும் முதிரப்புழையும் அதனோடு கலப்பதே. 1895-ஆம் ஆண்டில் முல்லைப் பெரியாற்று அணை கட்டி முடிக்கப்பெற்ற பின், அவ்வாற்று நீரில் ஒரு பகுதி மலையைக் குடைந்து கிழக்கே திரும்பி வையையோடு சேர்கின்றது. தேனி, மதுரை மாவட்டங்களின் வயல்கள் அதனால் விளைகின்றன. எஞ்சிய நீர் மேற்கே இறங்கிக் கொச்சியின் காயலிலும் கடலிலும் கலக்கின்றது. நம் பாட்டனார் வயலுக்குப் பாயும் நீரும், கொச்சித் துறையில் கப்பலைத் தாங்கும் நீரும் ஒரே மலைமுகட்டில் பெய்த மழையே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பண்டைக் காலத்தில் அவ்வாற்றின் முகத்தில் விளங்கிய துறைமுகம் முசிறி. யவனர் பொன்னைக் கொணர்ந்து மிளகை ஏற்றிச் சென்ற காட்சியை அகநானூற்றில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் பாடியுள்ளார். முசிறியோடு நடந்த வாணிகம் பற்றிய கிரேக்க மொழி ஒப்பந்தம் ஒன்று, பப்பிரசு ஏட்டில் எழுதப்பெற்றது, இன்று வியன்னா நகரில் உள்ளது. அது கி. பி. இரண்டாம் நூற்றாண்டினது. வட பரவூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் ஊரில் 2007-ஆம் ஆண்டு முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சி மன்றத்தார் நடத்திய அகழாய்வில் உரோம நாட்டுச் சாடிகளின் உடைந்த துண்டுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றோடு, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடொன்றும் கிடைத்தது. ‘அமண’ என்று அதனைப் படித்துள்ளனர். பட்டணமே பழைய முசிறி என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

முசிறிக்குப் பின் அப்பகுதியில் கொடுங்கல்லூர் சிறந்து விளங்கியது. கி. பி. 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. மலையிலிருந்து அடித்து வரப்பட்ட மண் கொடுங்கல்லூர்த் துறையைத் தூர்த்தது. தெற்கே கொச்சியில் புதிய கடல்வாய் அகன்று திறந்தது என்பர். கப்பல்களும் வணிகரும் மெல்ல மெல்லக் கொச்சியை நாடி வந்தனர். ஒரு துறைமுகம் மறைந்து மற்றொன்று பிறந்தது. அதற்குக் கருவியாக அமைந்தவை நம் மலைகளின் மழையும் மண்ணுமே.

இரண்டாவது பெருவெள்ளம் 1924-ஆம் ஆண்டு வந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின், ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று முதியோர் அதனைச் சொல்வர். அதற்கு முன் மூணாற்றுத் தேயிலை கொச்சிக்குச் செல்லவில்லை. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் அதனை ‘டாப் ஸ்டேஷன்’ வரை கொண்டு சென்றது. அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே குரங்கணிக்கு அண்மையிலுள்ள கொட்டகுடிக்கு இறங்கியது. பின்பு போடி வழியாகத் தூத்துக்குடியை அடைந்து கப்பலேறியது. தொழிலாளர் ஏறி வந்த திசையிலேயே தேயிலையும் இறங்கிச் சென்றது. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் அவ்விரயிலை அடியோடு அழித்தது. அது மீண்டும் அமைக்கப்படவேயில்லை. மேற்கே ஆலுவாய்க்குச் சென்ற பழைய பாதையும் அழிந்தது. பிறகு நேரியமங்கலம் வழியே புதிய பாதை அமைந்தது, பாலமும் எழுந்தது. அதே காலத்தில் கொச்சித் துறைமுகமும் புதுப்பிக்கப்பெற்றது. தூத்துக்குடியை நோக்கியிருந்த மலையின் முகம் கொச்சியை நோக்கித் திரும்பியது.

முதல் வெள்ளம் கொச்சிக்குத் துறையைத் தந்தது. இரண்டாம் வெள்ளம் நம் தேயிலையை அத்துறைக்குத் திருப்பியது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அதே பெரியாறு மீண்டும் கரை கடந்து நெடும்பாசேரி வானூர்தி நிலையத்தையே மூழ்கச் செய்ததை நாம் கண்ணாரக் கண்டோம். மலைக்கும் கடற்கரைக்கும் உள்ள தொடர்பு ஏட்டில் மட்டும் உள்ளதன்று.

கோட்டைக் கொச்சியில் முற்பகல்

எறணாகுளத்திலிருந்து கோட்டைக் கொச்சிக்குப் பாலங்களின் வழியே செல்லலாம், படகிலும் செல்லலாம். பிள்ளைகளுக்குப் படகுப் பயணமே இனிது. பழைய படகுகளோடு, 2023-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நீர் மெட்ரோ என்னும் மின்படகுகளும் இப்போது காயலில் ஓடுகின்றன.

1500-ஆம் ஆண்டில் கப்ரால் என்னும் போர்த்துகேசியக் கப்பற்றலைவர் கொச்சிக்கு வந்தார். கோழிக்கோட்டுச் சாமூதிரியோடு பகைமை கொண்டிருந்த கொச்சி மன்னர் அவரை வரவேற்றார். 1503-ஆம் ஆண்டில் அங்கே கோட்டை எழுந்தது. இந்தியாவில் ஐரோப்பியர் கட்டிய முதற்கோட்டை அதுவே. கோட்டை இன்று இல்லை. அதன் பெயர் மட்டும் ஊர்ப்பெயராக நிற்கின்றது. 1663-இல் டச்சுக்காரர் அந்நகரைக் கைப்பற்றினர்; 1795-இல் ஆங்கிலேயர் கைப்பற்றினர். ஆங்கிலேயர் காலத்தில் கோட்டைக் கொச்சி கொச்சி மன்னருக்கு உரியதாக இல்லை. சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே அது இருந்தது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் அது கேரளத்தோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் சித்தூரும் எம்மாநிலத்திற்கு உரியவை என்ற பெரு வழக்கு கேரளத்தின் பக்கம் முடிந்ததும் அதே நாளில்தான். அந்நாளின் நினைவு நம் வீடுகளில் ஒரு வகையாக இருக்கின்றது. கோட்டைக் கொச்சியின் தெருக்களில் வேறொரு வகையாக இருக்கின்றது. எல்லைக் கோடு எல்லா ஊர்களையும் ஒரே முறையில் தொடுவதில்லை என்பதற்கு இஃதொரு சான்று.

தூய பிரான்சிசு தேவாலயம் அங்கே முதலிற் காணத்தக்கது. போர்த்துகேசியர் காலத்துக் கத்தோலிக்கக் கோயில், டச்சுக்காரர் காலத்தில் சீர்திருத்தக் கிறித்தவர்க்கும், பின்பு ஆங்கிலத் திருச்சபைக்கும் உரியதாகி, இன்று தென்னிந்தியத் திருச்சபையினுடையதாக விளங்குகின்றது. 1524-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமாவின் உடல் இக்கோயிலில்தான் அடக்கம் செய்யப்பெற்றது. பின்னர் எலும்புகளை எடுத்துப் போர்த்துகல் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். வெறுங் கல்லறை இன்றும் காட்டப்படுகின்றது. கடலாண்ட வீரனுக்கும் ஆறடி நிலம் நிலைக்கவில்லை என்பதை அக்கல் நமக்குச் சொல்லாமற் சொல்கின்றது.

அச்சேறிய தமிழ்

அக்கல்லறையைப் பலரும் அறிவர். ஆனால் அதே கொச்சியில் நிகழ்ந்த வேறொரு நிகழ்ச்சியை நம்மில் பலர் அறியார். அந்நிகழ்ச்சிக்காகவே தமிழ்க் குடும்பத்தார் கோட்டைக் கொச்சியின் தெருக்களில் ஒரு முறையேனும் நடத்தல் வேண்டும்.

அண்டிரிக்கு அடிகளார் என்று தமிழ்நாட்டில் வழங்கப்பெறும் என்றிக் என்றீக்கசு போர்த்துகல் நாட்டினர். சேசு சபைத் துறவி. 1546-ஆம் ஆண்டில் இந்தியாவிற்கு வந்தவர், முத்துக்குளித்துறையில் பரதவரிடையே வாழ்ந்து தமிழைப் பிழையறக் கற்றார். தமிழுக்கு ஓர் இலக்கணமும் எழுதினார். 1600-ஆம் ஆண்டில் உயிர் நீத்த வரை அக்கடற்கரையே அவர் வாழ்விடம். அவருடைய முயற்சியால், 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் 16 பக்கச் சிறுநூல் தமிழ் எழுத்துகளில் அச்சேறியது. இந்திய மொழிகளுள் தன் எழுத்தில் முதன்முதல் அச்சுநூல் கண்டது தமிழே. அச்செழுத்துகள் கோவாவிலும் கொல்லத்திலும் வார்க்கப்பெற்றவை. அச்சிடுவதற்கான பொருளை முத்துக்குளித்துறைப் பரதவர் உதவினர்.

மறு ஆண்டே, 1579-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ‘கிரீசித்தியானி வணக்கம்’ என்னும் பெரியதொரு நூல் வெளிவந்தது. அது வெளிவந்த இடம் கொச்சி. ஆசிரியரும் மாணாக்கரும் வினாவி விடை கூறும் முறையில் அமைந்த சமய நூல் அது. மலையாள எழுத்துகள் அச்சு நூலில் முதன்முதலாக இடம் பெற்றது, கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுப்பித்து 1678 முதல் ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளியான ‘ஹோர்த்துசு மலபாரிக்கசு’ என்னும் பயிர்நூலில். அதற்கு ஏறத்தாழ நூறாண்டு முன்பே கொச்சியில் தமிழ் அச்சு நூல் தோன்றிவிட்டது.

இதனை நான் போட்டிக்காகக் கூறவில்லை. கொல்லத்து நூலின் முகப்பில் போர்த்துகேசியர் இம்மொழியை ‘மலபார்த் தமிழ்’ என்றே குறித்தனர். வெளிநாட்டார் கண்ணுக்கு அன்று கிழக்குக் கரையும் மேற்குக் கரையும் ஒரே மொழிநிலமாகத் தோன்றின. எனவே அந்நூல் தமிழர்க்கும் மலையாளிகட்கும் பொதுவான பழஞ்சொத்து என்று கூறுவதே நேர்மை.

அந்நூல்கள் என்னவாயின? அவை பிறந்த கொல்லத்திலும் கொச்சியிலும் அவற்றைப் பேணுவார் இலராயினர். நூற்றாண்டுகள் பல கழிந்த பின், தனிநாயக அடிகளார் முதலிய அறிஞர்கள் 1950-களில் வெளிநாட்டு நூலகங்களைத் துருவித் தேடிப் பழைய அச்சேடுகளைத் தமிழுலகிற்கு அறிவித்தனர். தம்பிரான் வணக்கத்தின் படி அமெரிக்காவில் ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கின்றது. கொச்சியில் அச்சான நூலின் படி பாரிசு நகரில் கிடைத்தது. எழுதத் தெரிந்தோர் எழுதினர்; பொருளுடையோர் பொருள் தந்தனர்; அச்சிட்டோர் அச்சிட்டனர். ஆயினும் படிப்போரும் காப்போரும் இல்லாத இடத்தில் ஏடு நிற்பதில்லை. இவ்வுண்மை நம் வீடுகளுக்கும் பொருந்தும்.

வேளியின் வெளுப்புக்களம்

கோட்டைக் கொச்சியில் வேளி என்னும் பகுதியில் ‘தோபிகானா’ எனப்படும் வெளுப்புக்களம் ஒன்று உண்டு. அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வருவோர் தமிழ் வண்ணார் குடியினர். டச்சுப் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ் நாட்டுப் பகுதிகளிலிருந்து அழைத்து வரப்பட்டவர்களின் வழியினர் என்று அவர்தம் மரபு கூறும். இன்றுள்ள துவைதொட்டிகளும் கட்டடமும் 1976-ஆம் ஆண்டில் பெருங்கொச்சி வளர்ச்சிக் கழகத்தார் அமைத்துக் கொடுத்தவை. வரிசையாகத் துவைகற்கள், அடுத்துக் கஞ்சியிடும் இடம், வெட்டவெளியில் கொடிகள். இரட்டையாக முறுக்கிய கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகிக் காயவிடுவர். கவ்வியும் வேண்டா, ஊசியும் வேண்டா. காற்று எவ்வளவு வீசினும் துணி விழாது. கைத்திறன் என்பது இதுவன்றோ!

அவ்விடத்தைப் பார்வையிடுவோர் படம் பிடித்துக்கொண்டு உடனே திரும்பி விடுகின்றனர். நாம் அவ்வாறு திரும்பலாகாது. நம் பாட்டனும் பாட்டியும் கங்காணியின் பின்னே மலையேறி வந்தது இதுபோன்றதொரு அழைப்பினாலேயே. தேயிலை பறிக்க வந்த கைகளும் துணி வெளுக்க வந்த கைகளும் ஒரே வகையின. டச்சு அரசு போயிற்று. ஆங்கில அரசு போயிற்று. உழைத்த மக்கள் அங்கேயே நின்றனர். மாளிகையைக் கட்டியவர் பெயர் கல்லில் உண்டு. உடையை வெளுத்தவர் பெயர் எக்கல்லிலும் இல்லை. ஆயினும் நகர வரலாற்றில் இருவர்க்கும் பங்குண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல அவ்விடமே ஏற்ற வகுப்பறை. தொழில் செய்வோர்க்கு இடையூறின்றி, அவர்தம் ஒப்புதல் பெற்றுப் பார்த்தல் நம் கடமை.

மட்டாஞ்சேரியில் பிற்பகல்

உணவுக்குப் பின் மட்டாஞ்சேரிக்குச் செல்லலாம். ‘டச்சு அரண்மனை’ என்று வழங்கும் மாளிகை உண்மையில் போர்த்துகேசியர் கட்டியது. ஏறத்தாழ 1555-ஆம் ஆண்டில் கொச்சி மன்னர் வீரகேரள வர்மருக்கு அதனை அளித்தனர். 1663-க்குப் பின் டச்சுக்காரர் செப்பனிட்டமையால் அவர் பெயரே நிலைத்துவிட்டது. உள்ளே சுவர்களில் இராமாயணக் காட்சிகள் பச்சிலை வண்ணமும் செம்மண் நிறமும் கலந்து ஒளிர்கின்றன. மன்னரின் பல்லக்குகளும் படங்களும் காட்சிக்கு வைக்கப்பெற்றுள்ளன. சித்தூர் அன்பர்கள் தம் முன்னோரை ஆண்ட அரசர்களின் முகங்களை அங்கே காணலாம்.

அருகிலேயே யூதர் தெரு. அதன் கோடியில் 1568-ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற பரதேசி யூதர் தொழுகைக் கூடம். போர்த்துகேசியர் 1662-இல் அதனைச் சிதைத்தனர். டச்சுக்காரர் வந்த பின் மீண்டும் கட்டப்பெற்றது. மணிக்கூண்டு 1760-ஆம் ஆண்டினது. தரையிற் பதித்த நீலவண்ண ஓடுகள் சீன நாட்டிலிருந்து வந்தவை. ஒவ்வோர் ஓடும் கையால் தீட்டப்பெற்றது. 1948-ஆம் ஆண்டில் இசுரேல் நாடு தோன்றிய பின் கொச்சி யூதருட் பெரும்பாலோர் அங்குக் குடியேறினர். இன்று மட்டாஞ்சேரியில் எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. தெருவின் பெயர் நிற்கின்றது. தெருவிற்குப் பெயர் தந்த மக்கள் இல்லை.

இத்தொழுகைக் கூடத்தாரின் காப்பில் ஒரு பழஞ்செல்வம் உள்ளது. சேரமன்னர் பாசுகர இரவிவர்மர் ஏறத்தாழ கி. பி. 1000-ஆம் ஆண்டில் யோசேப்பு இரப்பான் என்னும் யூத வணிகத் தலைவருக்கு அளித்த செப்பேடுகள் அவை. அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமையும், எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும் அவற்றில் கூறப்பெற்றுள்ளன. மன்னர் முயிரிக்கோட்டில் எழுந்தருளியிருந்தபோது அளித்ததாகச் செப்பேடு கூறுகின்றது. முயிரிக்கோடு என்னும் பெயரில் பழைய முசிறியின் ஒலி இன்னும் கேட்கின்றது. எழுதிய எழுத்து வட்டெழுத்து. மொழியைத் தமிழ் என்று நம்மவர் படிப்பர். பழைய மலையாளம் என்று மலையாள அறிஞர் படிப்பர். இரு சாராரும் படிக்கத்தக்க நிலையில் அம்மொழி அமைந்திருப்பதே அதன் சிறப்பு.

யூத மக்கள் ஈண்டு எண்ணத்தக்கவர். அவர்கள் எண்ணிக்கையிற் சிறியவர். ஊர் விட்டு ஊர் வந்தவர். தெருவில் மலையாளம் பேசினர். தொழுகையில் எபிரேயம் ஓதினர். தம் பிள்ளைகளுக்கு எபிரேய எழுத்தைக் கற்பித்தமையால் பல நூற்றாண்டுகள் தம்மை இழவாமல் வாழ்ந்தனர். வந்த நாட்டின் மொழியைக் கற்பதும், வீட்டு மொழியைக் காப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அவர் வாழ்ந்து காட்டினர்.

பயணம் செல்வோர்க்கு ஒரு குறிப்பு: சனிக்கிழமை யூதர்க்கு ஓய்வு நாள், தொழுகைக் கூடம் அன்று பார்வையாளர்க்குத் திறப்பதில்லை. அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆதலின் இவ்விரு நாட்களையும் விலக்கிப் புறப்படுதல் நன்று.

மட்டாஞ்சேரிக் கடைத்தெருவில் மிளகு, ஏலம், சுக்கு ஆகியவற்றின் மணம் இன்றும் வீசுகின்றது. குசராத்தியரும் கொங்கணியரும் தமிழரும் பிறரும் கூடி வணிகம் செய்த தெரு அது. உடும்பன்சோலை ஏலக்காட்டில் கூடை சுமந்த தாய்மார் அம்மணத்தை உடனே அறிவர். ஏட்டில் படித்த வரலாற்றினும் மூக்கறிந்த வரலாறு விரைவில் மனத்திற் பதியும்.

மாலைக் கடற்கரை

மாலையில் மீண்டும் கோட்டைக் கொச்சிக் கடற்கரையை அடைந்தால் சீனவலைகளைக் காணலாம். நெடிய மரக்கால்களில் தொங்கும் வலையை நீரில் இறக்குவர்; சிறிது நேரங் கழித்துப் பலர் சேர்ந்து கயிற்றை இழுத்து உயர்த்துவர். மறுமுனையில் கட்டித் தொங்கவிட்ட கருங்கற்கள் எடைக்கு எடை நிற்கும். சீனர் தந்தது அவ்வலை என்பது வழிவழி வந்த நம்பிக்கை.

வலைகளுக்கு அப்பால், கப்பல்கள் உள்ளே நுழையும் கடல்வாய் தெரியும். அவ்வாயிலை முற்காலத்தில் மணல்மேடு ஒன்று மறித்துக் கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளியே கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. 1920-ஆம் ஆண்டில் இராபர்ட் பிரிசுடோ என்னும் ஆங்கிலப் பொறியாளர் அனுப்பப்பெற்றார். அவர் மண்வாரிக் கப்பலைக் கொண்டு மணல்மேட்டை அறுத்து வழி செய்தார். வாரிய மண்ணால் வில்லிங்டன் தீவு எழுந்தது. 1928-ஆம் ஆண்டு மே 26-ஆம் நாள் ‘பத்மா’ என்னும் கப்பல் உள்துறைக்குள் நுழைந்தது. 1936-இல் கொச்சி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பெற்றது. மூணாற்றுத் தேயிலை கொச்சியைத் தேடி வந்ததும், கொச்சி ஆழ்துறையாக மாறியதும் ஒரே காலத்து நிகழ்ச்சிகள். நம் தாய்மார் பறித்த கொழுந்து பெட்டியிலடங்கிக் கப்பலேறியது இவ்வாயிலின் வழியேதான்.

கதிரவன் கடலில் மறையும் வேளையில் பிள்ளைகளுக்கு இதனைச் சுட்டிக் காட்டலாம். “இந்நகரில் நமக்கு என்ன இருக்கின்றது?” என்று அவர்கள் வினவினால், தாழ்வு கருதாமல் விடை கூறலாம். இத்துறையைத் திறந்த நீர் நம் மலை நீர். இதனை வளர்த்த மிளகும் ஏலமும் தேக்கும் தேயிலையும் நம் மலைப்பொருள். இதன் வெளுப்புக்களத்தில் நின்ற கால்கள் நம்மவர் கால்கள்.

இன்னொன்றும் உண்டு. பட்டணத்து மண்ணில் ஓடு. யூதர் கூடத்தில் செப்பேடு. கொச்சிக் கல்லூரியில் அச்சேடு. இம்மூன்றும் கிழக்குக் கரைத் தமிழகத்தில் அல்ல, இந்த மேற்குக் கரையில் கிடைத்த எழுத்துச் செல்வங்கள். மொழி ஒரு நாட்டெல்லைக்குள் அடைபட்டுக் கிடப்பதன்று. எழுதிப் படிப்போர் உள்ள இடமெல்லாம் அதற்கு வீடே.

நம் நிலை யாது? நம் பிள்ளைகள் மலையாளத்தை நன்கு கற்கின்றனர், கற்றல் வேண்டும். அஃது இந்நாட்டு மொழி. அவர்தம் வாழ்விற்கும் தொழிலுக்கும் துணை. ஆங்கிலமும் கற்கின்றனர். ஆனால் தமிழைப் பேசுவதோடு நிறுத்தி, எழுத்தறியாமல் வளரும் பிள்ளைகள் நம் குடியிருப்புகளில் ஆண்டுதோறும் பெருகி வருகின்றனர். பாட்டியின் கடிதத்தைப் பேரன் படிக்க இயலாத வீடுகள் நம்மிடையே உண்டு. தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெறச் சிறுபான்மை மொழியினர்க்கு வசதி செய்து தருமாறு அரசியலமைப்பின் 350-அ விதி மாநிலங்களைப் பணிக்கின்றது. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டமும் தமிழ்ச் சிறுபான்மையினர்க்குத் தம் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு கொள்ளும் உரிமையை அளித்துள்ளது. உரிமை ஏட்டில் உள்ளது. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதத் தெரிந்த கை வேண்டுமன்றோ? கையின்றி உரிமை பயன்படாது.

எனவே சங்கத்து அன்பர்கட்கு ஒரு வேண்டுகோள். விடுமுறையில் பிள்ளைகளைக் கொச்சிக்கு அழைத்துச் செல்லுங்கள். புறப்படும் முன் ஒரு சிறு குறிப்பேட்டை ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுங்கள். கண்டவற்றைத் தமிழில் நான்கு வரி எழுதி வரச் சொல்லுங்கள். எழுத்துப் பிழை மலிந்திருப்பினும் தாழ்வில்லை, திருத்திக் கொள்ளலாம். நல்லனவற்றைச் சங்கத்து மாலை வகுப்பில் படிக்கச் செய்யலாம். அடுத்த ஆண்டு மலரில் அச்சிடலாம். ஓடும் செப்பேடும் அச்சேடும் கண்ட இம்மேற்குக் கரையில், நான்காவதாக நிற்கவேண்டியது நம் பிள்ளைகளின் குறிப்பேடு. அதனைப் பேணும் பொறுப்பு பாரிசு நூலகத்தாருடையதன்று, நம்முடையது.